ஆண்ட பரம்பரையைத் தேடினால் பண்ணையாள்தான் கிடைப்பார்

“நம் முன்னோர்கள் யார் தெரியுமா?” என்று ஆரம்பிக்கிற எந்த வாட்ஸ்அப் ஃபார்வேர்டும் “மாடு மேய்த்தார்கள்” என்று முடிந்து நான் பார்த்ததில்லை. ராஜா, தளபதி, குறைந்தபட்சம் ஒரு ஜமீன். எல்லாரும் ஆண்ட பரம்பரைன்னா, ஆளப்பட்டது யாரு பாஸ்? வயல்ல இறங்கி நின்னது யாரு?

இந்த வியாதி நமக்கு மட்டும் சொந்தம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் டேனிஷ் வம்சாவளிக்காரர்களிலும் “நாங்க வைக்கிங் பரம்பரை” என்று கொம்பு வைத்த ஹெல்மெட்டோடு போஸ் கொடுப்பவர்கள் உண்டு. வைக்கிங்குகள் அப்படி ஒரு ஹெல்மெட் போட்டதற்கு ஆதாரமே இல்லை என்பது தனிக் கதை.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக, பழைய கையெழுத்தைப் படிக்கும் ஒரு மாடலுக்கு டேட்டா தேடும்போதுதான் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்துக்குப் போனேன். கட்டணம் கிடையாது. சில நூற்றாண்டுப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. ப்ராஜெக்ட் எப்படிப் போகுதுன்னு ரிவ்யூ பேனலிடம் கேட்டுக்கோங்க. ஆனால் அந்தப் பதிவேடுகளை வைத்து மக்கள் தங்கள் குடும்பத்தை எப்படித் தேடுகிறார்கள் என்று படிக்கப் படிக்க எனக்கு ஒரு கருத்து உறுதியானது. குடும்ப வரலாற்றை நேர்மையாகத் தேடினால் பரம்பரைப் பெருமை உடையும். அது உடைவதுதான் அந்தத் தேடலின் உண்மையான லாபம்.

எப்படி என்று டென்மார்க்கை வைத்தே சொல்கிறேன்.

ஒரே கூரைக்குக் கீழே வைக்காதே

டென்மார்க்கில் சாதாரண மனுஷன் பெயரை எழுதிவைத்தது சர்ச். 1645-46 வாக்கில், அரசர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில், ஒவ்வொரு ஊர்ப் போதகரும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதினார்கள். ஆனால் போதகர் வீடு தீப்பிடித்தால் ஊரின் மொத்த வரலாறும் காலி. அப்படிப் பல ஊர்களுக்கு ஆகியும் இருக்கிறது.

அதனால் 1814 முதல் ஒரு புது ஏற்பாடு. பதிவேடு இரண்டு பிரதி. ஒன்று போதகரிடம், இன்னொன்று சர்ச் உதவியாளரிடம். அவர் பெரும்பாலும் ஊர்ப் பள்ளி வாத்தியாராகத்தான் இருப்பார். இரண்டு புத்தகமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது விதி.

நாம செமஸ்டர் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்ற ஆஃப்சைட் பேக்கப் இதுதான். 200 வருஷத்துக்கு முன்னாடி, கரன்ட் கூட இல்லாத ஊர்ல, இங்க்கிலும் பேப்பரிலும் பண்ணியிருக்காங்க.

இதற்கு மேல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1787-இலேயே வீடு வீடாக எல்லார் பெயரையும் எழுதிவிட்டார்கள். 1845 முதல் ‘எந்த ஊரில் பிறந்தவர்’ என்ற கேள்வியும் சேர்ந்தது. ஒரு ஆள் ஊர் மாறியிருந்தாலும் பிறந்த ஊரைப் பிடித்து, அங்கே இருக்கும் சர்ச் பதிவேட்டுக்குப் போகலாம். லிங்க்டு லிஸ்ட் மாதிரி, ஒவ்வொரு பதிவும் அடுத்த பதிவின் முகவரியைக் கையில் வைத்திருக்கிறது.

இன்னொன்று ராணுவப் பட்டியல். 1788 வரைக்கும் டென்மார்க் விவசாயி வீட்டு ஆண்கள் பிறந்த பண்ணையை விட்டு அனுமதி இல்லாமல் வெளியேறவே முடியாது. அந்தக் கட்டு அவிழ்ந்ததும், ‘இனி ஆள் எங்கே போனாலும் நமக்குத் தெரியணும்’ என்று அரசு ஒரு பட்டியல் போட ஆரம்பித்தது. விவசாயி வீட்டில் ஆண் குழந்தை பிறந்த உடனே அவனுக்கு ஒரு எண். ஊர் மாறினால் அந்த ஊர்ப் பட்டியலுக்கு மாற்றம். நம்ம அரியர் லிஸ்ட்டுக்குக் கூட இவ்வளவு ஞாபக சக்தி கிடையாது.

இது எதுவும் அன்பால் எழுதப்பட்டது இல்லை. சர்ச்சுக்கு ஒழுக்கம் வேணும், ராஜாவுக்குப் படை வேணும், கஜானாவுக்கு வரி வேணும். கொள்ளுப்பேத்தி ஒரு நாள் தேடி வருவாள் என்று எந்த போதகரும் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் தேடி வருகிறவளுக்குக் கிடைப்பது ராஜாவின் பெயர் இல்லை. ‘பண்ணையாள்’, ‘வேலைக்காரி’, ‘குடிசைக்காரர்’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் எழுதப்பட்ட பெயர்கள். 19ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அதையும் ஒளிக்காமல் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். ‘கண்ணியமான குடும்பம்’ என்ற கதை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதல் அடி வாங்கும்.

இனிஷியல் பிரச்சினை

டேனிஷ் குடும்பம் தேடுபவர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது பெயர். இது நமக்குச் சட்டென்று புரியும், ஏன்னா நாமளும் அப்பா பெயரைத் தூக்கிக்கிட்டு அலையற கூட்டம்தான்.

ஹான்ஸ் என்பவரின் மகன் யென்ஸ். அவர் பெயர் யென்ஸ் ஹான்சன். யென்ஸுக்கு ஒரு மகன் பீட்டர். அவன் பீட்டர் ஹான்சன் இல்லை, பீட்டர் யென்சன். மகள் கரேன் என்றால் கரேன் யென்ஸ்டாட்டர். ஒவ்வொரு தலைமுறையிலும் கடைசிப் பெயர் மாறும். வெளிநாட்டு விசா ஃபார்மில் ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் சர்நேமாக இருப்பதைக் கவுன்டரில் விளக்க முயன்ற எவருக்கும் இந்த வலி தெரியும்.

1828-இல் அரசு தலையிட்டு ‘இனி குடும்பத்துக்கு ஒரே நிலையான பெயர்’ என்று உத்தரவு போட்டது. ஆனால் கிராமங்களில் பழைய பழக்கம் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடியது. கடைசியில் பெயர் உறைந்து நின்றபோது நாடு முழுக்க நீல்சன், யென்சன், ஹான்சன். இன்றைக்கும் அங்கே அதிகம் புழங்குகிற கடைசிப் பெயர்கள் இவைதான். ‘எங்க யென்சன் வம்சம்’ என்று யாராவது நெஞ்சு நிமிர்த்தினால், அதற்கு அர்த்தம் ‘எங்க பரம்பரையில் யென்ஸ் என்று ஒருத்தர் இருந்தார்’ என்பது மட்டும்தான்.

ஆனால் ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர். நாம ‘பேரன்’ என்று சொல்வதும் இதைத்தானே, பேரைத் தாங்குபவன். அதோடு, கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொண்டால், புதுக் கணவனுக்குப் பிறக்கும் முதல் மகனுக்கு இறந்துபோன முதல் கணவனின் பெயரை வைப்பார்கள். குடும்ப மரம் தேடுகிறவர்களுக்கு இது ஒரு துப்பு. ஒரு குழந்தையின் பெயரைப் பார்த்தே அந்த அம்மாவுக்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருந்தது என்று கண்டுபிடிக்கலாம். ரத்தத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு மனுஷனின் பெயர் அந்த வம்சத்தில் தொடர்ந்து ஓடும். ‘சுத்த ரத்தம்’ பேசுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

கப்பல் ஏறியவர்கள்

1868 முதல் 1914 வரை சுமார் 3 லட்சம் பேர் டென்மார்க்கை விட்டுப் போனார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. 1880-இல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 20 லட்சம்தான். போனவர்கள் யார்? நிலம் இல்லாத கூலிகள், பண்ணையாட்கள், வீட்டு வேலைக்காரிகள், நிலம் பங்கு கிடைக்காத இளைய மகன்கள். 1864-இல் பிரஷ்யாவிடம் தோற்று, பறிபோன பகுதியில் மாட்டிக்கொண்டவர்களில் பலர் அந்த ராணுவத்தில் சேர மனசில்லாமல் கப்பல் ஏறினார்கள்.

இவர்களைத் தேடுகிறவர்களுக்குப் புதையல் என்பது கோபன்ஹேகன் போலீஸ் வைத்திருந்த பதிவேடு. 1869 முதல் 1940 வரை. பெயர், வயது, தொழில், கடைசியாக இருந்த ஊர், போகிற ஊர் எல்லாம் இருக்கும். போலீஸ் ஏன் இதை எழுதியது? வெளிநாடு அனுப்பும் ஏஜென்ட்கள் ஏழைகளை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் டிக்கெட் ஒப்பந்தம் ஒவ்வொன்றையும் போலீஸ் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று 1868-இல் சட்டம் வந்தது. ஏஜென்ட் ஏமாற்றுகிற கதை நமக்குப் புதுசா சொல்லணுமா என்ன? அந்த ஏழைகளைக் காப்பாற்றப் போட்ட சட்டம்தான் இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வழி காட்டுகிறது.

கிறிஸ்டியன் ஹ்விட் என்ற வரலாற்று ஆய்வாளர் இந்தப் பதிவேடுகளில் இருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அலசி, 1971-இல் ஒரு பெரிய ஆய்வாக வெளியிட்டார். நம்ம அப்பாக்கள் பலர் பிறக்காத காலத்தில் டேட்டா அனலிடிக்ஸ்!

அங்கே போன பிறகு பெயர் மாறும். ‘எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் பெயரை மாற்றிவிட்டார்கள்’ என்று ஒரு கதை எல்லாக் குடும்பத்திலும் ஓடும். அது கதைதான். அதிகாரிகள் கையில் இருந்தது கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிக் கொடுத்த பட்டியல். பெரும்பாலானவர்கள் வேலைக்கும் அக்கம்பக்கத்துக்கும் தோதாகத் தாங்களே பிறகு மாற்றிக்கொண்டார்கள். நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு உதாரணம். 1937-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரான வில்லியம் நூட்சன் 1879-இல் கோபன்ஹேகனில் பிறந்து, 1900-இல் அமெரிக்கா போனவர். பிறந்தபோது அவர் பெயர் சிக்னியுஸ் வில்ஹெல்ம் பால் நூட்சன். ‘வில்லியம்’ என்று டேனிஷ் பதிவேட்டில் தேடினால் அவர் ஞானஸ்நானம் கிடைக்காது. குடியேறியவரைத் தேடுகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். அவர் அங்கே யாராக ஆனார் என்பதை மறந்துவிட்டு, இங்கே யாராக இருந்தார் என்று தேடணும்.

ஒரே தீவு, மூன்று திசை

டென்மார்க்கின் தெற்கே லோலாண்ட் என்று ஒரு தட்டையான தீவு. அமெரிக்காவுக்கு அதிகம் பேரை அனுப்பிய பகுதிகளில் இதுவும் பக்கத்துத் தீவான ஃபால்ஸ்டரும் உண்டு. கூலிக்காரர்கள் போய்விட்டார்கள். அதே சமயம் அங்கே சர்க்கரை ஆலைகள் வந்தன. பீட்ரூட் மாதிரி இருக்கும் சர்க்கரைக் கிழங்கை விதைக்க, களை பறிக்க, தோண்ட ஆள் வேண்டும். உள்ளூர் ஆட்கள் போதவில்லை. முதலில் ஸ்வீடன்காரர்கள் வந்தார்கள். 1893 முதல் போலந்துக்காரர்கள். அதிலும் பெரும்பாலும் நம்ம வயசுப் பெண்கள், இன்னும் சின்ன வயசுக்காரர்களும்கூட. சீசனுக்கு வந்து, முதுகு உடைய வேலை பார்த்து, சீசன் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். முதல் உலகப் போர் தொடங்கும் சமயம் ஒரே வருடத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். ஒழுங்கான ஒப்பந்தம், தங்குமிடம் எல்லாம் கேட்டு 1908-இல் அவர்களுக்காகவே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில ஆயிரம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று லோலாண்டில் குடும்பம் தேடுகிறவர்களில் பலருக்கு ஏதோ ஒரு கிளையில் ஒரு போலந்துப் பாட்டி வருகிறாள்.

அதே தீவில் நாக்ஸ்கோவ் என்ற ஊர். அங்கே விக்டர் கொர்னெலின்ஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1898-இல் கரீபியனில், அப்போது டென்மார்க்கின் காலனியாக இருந்த செயின்ட் க்ராய் தீவில் பிறந்த கறுப்பினக் குழந்தை. 1905-இல் கோபன்ஹேகன் டிவோலி பூங்காவில் நடந்த காலனிக் கண்காட்சிக்காக, ஏழு வயதில், ஆல்பெர்ட்டா என்ற இன்னொரு சிறுமியோடு அவரைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கண்காட்சியில் அந்தக் குழந்தைகளைக் கூண்டுக்குள் வைத்தார்கள். ஆல்பெர்ட்டா இளம் வயதிலேயே காச நோயில் இறந்தாள். விக்டர் படித்து, நாக்ஸ்கோவில் ஆசிரியராகி, ஊரே மதிக்கும் மனிதராக வாழ்ந்து 1985-இல் இறந்தார். அந்தக் காலனித் தீவுகளை 1917-இலேயே டென்மார்க் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது. நூறு ஆண்டு கழித்து 2017-இல், அந்தத் தீவுகள் சம்பந்தப்பட்ட சுமார் 50 லட்சம் பக்கங்களைத் தேசியக் காப்பகம் இணையத்தில் திறந்துவிட்டது. அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் இப்போது தங்கள் பாட்டன் பெயரை, அவனை விலைக்கு வாங்கியவனின் கணக்குப் புத்தகத்தில் தேடுகிறார்கள்.

ஒரு சின்னத் தீவு. அங்கிருந்து போனவர்கள், அங்கே வந்தவர்கள், அங்கே கொண்டுவரப்பட்டவர் என மூன்று பேரும் ஒரே மண்ணின் பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். டென்மார்க்கில் இன்று ‘யார் அசல் டேனிஷ்’ என்று அரசியல் சண்டை சூடாக நடக்கிறது. அந்தச் சண்டை போடுகிறவர்கள் ஒரு மாதம் உட்கார்ந்து தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேடினால் போதும் என்பது என் கருத்து.

“டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா முடிஞ்சுது” என்பவர்களுக்கு

எச்சிலைத் துப்பி அனுப்பினால் ‘43 சதவீதம் ஸ்காண்டிநேவியன்’ என்று ரிசல்ட் வரும். அந்தச் சதவீதம், இன்று உயிரோடு இருக்கும் ஒரு மாதிரிக் கூட்டத்தோடு உங்கள் டேட்டாவை ஒப்பிட்டு வருவது. கம்பெனி மாறினால் நம்பரும் மாறும். கரேன் யென்ஸ்டாட்டர் பதினாறு வயதில் எந்தப் பண்ணையில் பாத்திரம் தேய்த்தாள் என்று அது சொல்லாது.

கணக்குப் போடுவோம். அப்பா அம்மா 2, தாத்தா பாட்டிகள் 4. பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024. இருபது தலைமுறை போனால் 10 லட்சத்துக்கும் மேல். 1769-இல் டென்மார்க்கில் எண்ணிப் பார்த்தபோதே மொத்தம் சுமார் 8 லட்சம் பேர்தான் இருந்தார்கள். அதற்கு முன்னால் இன்னும் குறைவு. அப்படியானால் ஒரே ஆள் உங்கள் மரத்தில் பல கிளைகளில் வருகிறார் என்று அர்த்தம், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மரத்திலும் அவரே வருகிறார் என்றும் அர்த்தம். ராஜா உங்களுக்கு முன்னோர் என்றால், அவரிடம் சவுக்கடி வாங்கியவனும் உங்களுக்கு முன்னோர்தான். ராஜாவை மட்டும் பொறுக்கி எடுப்பது வரலாறு இல்லை, ஃபில்டர்.

இந்த ஃபில்டர் விளையாட்டு எங்கே போய் முடியும் என்று டென்மார்க்கின் பக்கத்து நாடே காட்டியது. 1933-இல் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், அரசு வேலையில் இருக்கத் தாத்தா பாட்டிகளின் ஞானஸ்நானச் சான்றைக் காட்டு என்றார்கள். அதே மாதிரி சர்ச் பதிவேடுகள், அதே மாதிரி கட்டங்கள். ஒரு பக்கம் தொலைந்த பாட்டியைக் கண்டுபிடிக்க உதவும் டேட்டா, இன்னொரு பக்கம் யாரை வெளியே தள்ளலாம் என்று பார்க்க உதவியது. பதிவேட்டில் கோளாறு இல்லை. அதனிடம் கேட்ட கேள்வியில்தான் கோளாறு. நாளைக்கு டேட்டாபேஸ் டிசைன் பண்ணப் போகிற நாம இதை மறக்கவே கூடாது.

“இதனால ப்ளேஸ்மென்ட் கிடைக்குமா?”

கிடைக்காது. ஆனால் டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள், ரிட்டயர் ஆனவர்கள், இல்லத்தரசிகள் எல்லாம் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து பழைய கணக்கெடுப்புப் பக்கங்களை எழுத்து எழுத்தாகப் படித்து டைப் பண்ணியிருக்கிறார்கள். அதன் மேல் நின்றுதான் இன்று லிங்க்-லைவ்ஸ் என்ற திட்டத்தில் மெஷின் லேர்னிங் வைத்து, 1787 முதல் 1968 வரையிலான பதிவுகளை ஒரே மனிதரின் வாழ்க்கைக் கோடாக இணைக்கிறார்கள். யாரோ ஒரு பாட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து டைப் அடித்த வரிதான் அந்த மாடலின் ட்ரெயினிங் டேட்டா.

இதில் நமக்கும் ஒரு துண்டு இருக்கிறது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க் கையில் இருந்தது. அங்கே வேலைக்கு வந்து, அங்கேயே செத்துப் புதைக்கப்பட்ட டேனிஷ்காரர்கள் இருக்கிறார்கள். அந்த நிர்வாகத்தின் ஆவணங்களும் கோபன்ஹேகன் காப்பகத்தில்தான் இருக்கின்றன. ஆக, டென்மார்க்கில் யாரோ ஒருவரின் குடும்ப மரத்தில் ஒரு கிளை மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் வந்து முடிகிறது. போகிறவர்கள் எப்போதும் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் போவதில்லை.

நம்ம பேட்ச்சிலேயே பாதிப் பேர் ஜெர்மனி, கனடா என்று அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதே தோழர்களில் சிலர், வடக்கே இருந்து வந்து நம்ம ஹாஸ்டல் கட்டடத்தில் செங்கல் தூக்குகிறவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றும் மெஸ்ஸில் கேட்டிருக்கிறேன். லோலாண்ட் கதை அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். கப்பல் ஏறிப் போனவனும், கிழங்கு தோண்ட வந்தவளும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். சோத்துக்கு வழி தேடினார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் “நாம எந்த வம்சம்?” என்று கேட்காதீர்கள். “உன் அம்மா எங்கே வேலைக்குப் போனாங்க, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு வந்தாங்க, கூலி என்ன?” என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். முடிந்தால் இரண்டு பிரதி, இரண்டு வேறு வீட்டில்.